அங்காதிபாதம் முதல் ஒருசீர்த்திடநிலை வரை: யாழ்ப்பாணத்தில் உடலுக்குப் பெயரிட்ட வரலாறு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் கொக்குவிலில் ஆடியபாதம் வீதியில் அமைந்துள்ளது. 1978ஆம் ஆண்டிலே தோற்றம்பெற்ற இப்பீடத்திற் பயிற்றுமொழி ஆங்கிலமாகும். இங்கு வந்துசேரும் தமிழ் மாணவர்கள் உயர்தர வகுப்புவரை உயிரியலைத் தமிழிலே கற்றவர்கள். பீடத்தினுள் நுழைந்ததும் உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய இலத்தீன், கிரேக்கப் பெயர்களைப் புதிதாகப் பயில்கின்றனர். சில ஆண்டுகளின் பின்னர் நோயாளர் விடுதியில் நிற்கும்போது, கற்றவற்றையெல்லாம் மீண்டும் தமிழிலே சொல்லவேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்படுகின்றது. ஆக, ஓர் உடலை அறிவதற்கு ஒருவர் இரண்டு முறை மொழி மாறவேண்டியுள்ளது.

இந்நிலை இயல்பானது என்றும், தமிழில் மேலைமருத்துவம் கற்பித்தல் இயலாத காரியம் என்றும் கருதுவோர் நம்மிடையே உளர். ஆயின் கொக்குவிலிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள மானிப்பாயில், இற்றைக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே மேலைமருத்துவம் முழுவதும் தமிழிற் கற்பிக்கப்பட்டது. அதற்குரிய பாடநூல்கள் தமிழில் அச்சேறின. அவற்றைக் கற்றோர் மருத்துவராகப் பணியாற்றினர். அம்முயற்சி எவ்வாறு தோன்றியது, ஏன் தொடரவில்லை, உடலுறுப்புகளுக்குப் பெயரிடுவதும் உடல் தன் சமநிலையைப் பேணும் முறைக்குப் பெயரிடுவதும் எவ்வாறு வேறுபட்ட பணிகளாயின என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. முன்பிருந்த உடலறிவு

மேலைநாட்டார் வருமுன்னர் யாழ்ப்பாணத்தில் உடல் பற்றிய அறிவு இருக்கவில்லை என்று கொள்வது தவறு. ஆரியச்சக்கரவர்த்திகளின் சிம்மாசனப் பெயர்களைத் தாங்கி நிற்கும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்கள் இங்கு எழுந்தவை. பரம்பரை வைத்தியர்கள் ஏடுகளைப் பேணி வந்தனர். வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றும் தத்தம் அளவில் நிற்பதே நலம் என்பதும், அவற்றுள் ஒன்று மிகுவதோ குறைவதோ நோய் என்பதும் அம்மரபின் அடிப்படை. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரமும் இக்கருத்தையே முதலில் வைத்துத் தொடங்குகின்றது.

இம்மரபில் உடலறிவின் மையமாக இருந்தது உறுப்பன்று, உறவு. நாடியைத் தொட்டுப் பார்க்கும் வைத்தியர் இதயத்தின் அறைகளை எண்ணுவதில்லை. மூன்றும் ஒன்றோடொன்று எவ்வாறு நிற்கின்றன என்பதையே அறிய முயல்கின்றார். உடலை அறுத்துப் பார்த்து அதன் பகுதிகளை ஒவ்வொன்றாக வரையறுத்துப் பெயரிடும் முறை இங்கு வளரவில்லை. இஃது அம்மரபின் குறைபாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் உடலைச் சமநிலையாகக் காணும் நோக்கு அதனிடம் இருந்தது என்பதும் மறுக்கவியலாதது. அச்சமநிலைக்கு அம்மரபு கூறிய காரணங்கள் இன்றைய அறிவியலின் சோதனைக்கு நில்லா. அது கேட்ட வினாவோ இன்றும் நிற்கின்றது.

2. மானிப்பாயிற் கிறீன்

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவரான யோன் ஸ்கடர், நேதன் உவாட் ஆகியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்திற் பணியாற்றினர். அவர்களைத் தொடர்ந்து வந்தவரே சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1822இற் பிறந்த இவர், 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும், 1848 முதல் மானிப்பாயிலும் மருத்துவப் பணி புரிந்ததோடு உள்ளூர் இளைஞருக்கு மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார். 1857இல் தாயகம் திரும்பிய அவர் 1862இல் மீண்டும் வந்து 1873வரை இங்கு தங்கினார்.

முதற் காலப்பகுதியில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். இரண்டாம் முறை வந்தபோது, தமிழிலேயே கற்பிப்பது என்ற முடிவுக்கு வந்து 1864 அளவில் தமிழ்மொழிமூல வகுப்பைத் தொடங்கினார். இம்முடிவுக்கான காரணங்கள் ஆராயத்தக்கவை. அமெரிக்க மிஷனின் தலைமையகம் 1850களின் நடுப்பகுதியில் தாய்மொழிக் கல்விக்கு முதன்மை தரும் கொள்கையைக் கைக்கொண்டது. ஆங்கிலத்தில் உயர்கல்வி அளித்துவந்த வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டது. இஃது ஒரு காரணம். மற்றையது கிறீனின் சொந்த அனுபவம். ஆங்கிலம் கற்ற மருத்துவர் கிராமத்தில் நிலைத்திருப்பதில்லை. அரசாங்க உத்தியோகத்தையும் நகரத்தையும் நாடிச் செல்கின்றனர் என்பதை அவர் கண்டார். மொழி மாறும்போது மனிதனின் உடையும் உறவும் மாறி, அவன் தன் மக்களிடமிருந்து விலகிவிடுகிறான் என்று கருதினார். தம் மாணவர் தமிழராகவே உடுத்து, தமிழராகவே வாழவேண்டும் என்பது அவர் விருப்பமாக இருந்தது.

கிறீன் ஒரு மிஷனரி என்பதையும், மருத்துவம் அவருக்குச் சமயப் பரப்புதலின் துணைக் கருவியாக இருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. எனினும் ஒருவருடைய நோக்கமும் அவர் செயலின் வரலாற்று விளைவும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. அவரிடம் பயின்று வெளியேறியோர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழ அரைப்பங்கினர் தமிழிலே கற்றவர்கள். அவரும் அவருடைய தமிழ் மாணவரும் சேர்ந்து மொழிபெயர்த்தும் தொகுத்தும் வெளியிட்ட நூல்கள் நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை. இம்முயற்சியை ஒரு தனிமனிதரின் சாதனையாக மட்டும் கூறுவது பொருந்தாது. நூல்களின் தமிழ்நடையில் அம்மாணவர்களின் உழைப்பு நிறைந்துள்ளது. ஈழத்துக் கவிஞர் அம்பி 1967இல் வெளியிட்ட ‘கிறீனின் அடிச்சுவடு’ என்னும் நூலே இவ்வரலாற்றை நம் காலத்தவரின் கவனத்திற்குக் கொணர்ந்தது.

3. நூற்பெயர்கள் காட்டும் சொல்லாக்க நெறி

கிறீனின் சொல்லாக்க நெறியை அவருடைய நூல்களின் பெயர்களிலிருந்தே ஓரளவு உய்த்துணரலாம். 1857இல் வெளிவந்த ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ அமெரிக்கரான கற்றரின் பாடநூலைத் தழுவியது. உடலமைப்பு, உடலின் தொழில், உடல்நலம் பேணல் ஆகிய மூன்று துறைகளும் அதன் பெயரிலேயே அடங்கியுள்ளன. 1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’, 1883இல் டால்ரனின் நூலைத் தழுவிய ‘மனுஷ சுகரணம்’ ஆகியன வெளிவந்தன.

இவற்றுள் மூன்று வகைச் சொற்களைக் காண்கிறோம். வைத்தியம், இரணம் போன்றவை வழக்கிலே முன்னரே நிலைபெற்றவை. சுகரணம், உற்பாலனம் போன்றவை வடமொழி மூலங்களிலிருந்து புதிதாக அமைக்கப்பட்டவை. கெமிஸ்தம் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இணங்க ஈறு திருத்திக் கொண்டது. வழக்கிலுள்ள சொல் முதலில், வடமொழி அடுத்து, அதுவும் உதவாதபோது ஒலிபெயர்ப்பு என்னும் வரிசை இங்கே புலனாகின்றது. தனித்தமிழ் உணர்வு பின்னர் எழுந்த சூழலில் இந்நெறி பலருக்கு உவப்பாக இருக்கவில்லை. ஆனால் பரம்பரை வைத்தியர்களும் புராணபடனம் கேட்டு வளர்ந்த பொதுமக்களும் அக்காலத்தில் வடமொழி கலந்த சொற்களோடு பழகியிருந்தனர் என்பதைக் கருதும்போது அதன் நியாயம் விளங்கும்.

அங்காதிபாதம் என்ற சொல் தனிக் கவனத்திற்குரியது. தலைமுடி தொடங்கி அடிவரை உடலை வருணிக்கும் கேசாதிபாதம் என்னும் இலக்கிய மரபைத் தமிழ் மாணவர் நன்கு அறிவர். அந்தச் சொல்லமைப்பை ஒத்ததாகவே அங்காதிபாதம் என்பதும் அமைந்துள்ளது. பக்தன் தெய்வத் திருமேனியைக் கண்டு இறங்கும் அதே பார்வையின் பெயரமைப்பு, மாணவன் மனித உடலை ஆராய்ந்து இறங்கும் பார்வைக்கும் வழங்கப்பட்டது. புதிய அறிவு அந்நியமாகத் தோன்றாது பழகிய வாயிலினூடாக உட்புகுந்தது. நல்ல கலைச்சொல்லின் இயல்பு இதுவே.

4. சமநிலை என்னும் கருத்தின் வருகை

உறுப்புகளின் பெயர்களை மொழிபெயர்ப்பதில் ஒரு வசதி உண்டு. பெயர் எம்மொழியதாயினும் சுட்டிக்காட்டுதற்கு உறுப்பு கண்ணெதிரே இருக்கின்றது. உடல் தன் நிலையைப் பேணும் முறையோ கண்ணுக்குப் புலனாவதன்று. கிறீன் மானிப்பாயில் நூல்களை மொழிபெயர்த்த காலத்தில் அக்கருத்து ஐரோப்பாவிலேயே உருவாகிக் கொண்டிருந்தது.

பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் கிளோட் பேர்னாட், உயிரணுக்கள் வாழ்வது வெளியுலகில் அன்று, உடலினுள்ளே குருதி முதலிய திரவங்களால் அமைந்த ஓர் அகச்சூழலில் என்றும், அவ்வகச்சூழலின் மாறாத்தன்மையே சுதந்திரமான உயிர்வாழ்வுக்கு அடிப்படை என்றும் நிறுவினார். ஈரல் வெல்லத்தைச் சேமித்து வேண்டியபோது குருதிக்கு வழங்குகின்றது என்பதை 1850களில் அவர் கண்டறிந்தமை இக்கருத்துக்கு வழிவகுத்தது. பாரிசில் பேர்னாட்டின் விரிவுரைகளைக் கேட்டு, அவருடைய பரிசோதனை முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றவர் யோன் டால்ரன். அவருடைய உடற்றொழிலியல் நூலே ‘மனுஷ சுகரணம்’ ஆகத் தமிழில் வந்தது. எனவே பேர்னாட்டின் ஆய்வுநெறி, அவருடைய நேர்மாணாக்கர் ஒருவரின் நூல்வழியாக 1883ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணத் தமிழை எட்டிவிட்டது. தாயகம் திரும்பிய பின்னரும் மொழிபெயர்ப்புப் பணியைக் கைவிடாத கிறீன், அந்நூல் வெளிவந்த மறு ஆண்டு, 1884இற் காலமானார்.

பேர்னாட் கூறிய மாறாத்தன்மைக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயரை 1926இல் இட்டவர் அமெரிக்கரான வால்ரர் கனன். ‘ஒத்த’ என்றும் ‘நிற்றல்’ என்றும் பொருள்படும் இரு கிரேக்க வேர்களைச் சேர்த்து அவர் அச்சொல்லை அமைத்தார். ‘ஒரே’ என்று பொருள்படும் வேரைத் தவிர்த்து ‘ஒத்த’ என்று பொருள்படும் வேரை அவர் தெரிந்தெடுத்தமை கருதத்தக்கது. உடலின் நிலை அசைவற்றதன்று. குறுகிய எல்லைக்குள் ஏறியும் இறங்கியும் நிற்பது. உடல்வெப்பம் 37 பாகை செல்சியசை ஒட்டி நிற்கின்றது. நாடிக்குருதியின் அமிலகாரச் சுட்டி 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கின்றது. இவ்வெல்லையைக் கடக்க முற்படும் ஒவ்வொரு மாற்றமும் தன்னை எதிர்க்கும் வேறொரு மாற்றத்தைத் தூண்டுகின்றது. உணவின்பின் குருதியில் வெல்லம் கூடினால் சதையி இன்சுலினைச் சுரந்து அதனைக் குறைக்கின்றது. வெல்லம் குறைந்தால் அதே சதையியின் குளுக்ககன் ஈரலைத் தூண்டி அதனைக் கூட்டுகின்றது.

ஒருவர் நிமிர்ந்து நிற்பதும் இவ்வாறானதே. உட்செவியின் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் தலையின் சுழற்சியை உணர்த்துகின்றன. கண் சுற்றுப்புறத்தை உணர்த்துகின்றது. தசைகளும் மூட்டுகளும் தம் இழுவிசையை உணர்த்துகின்றன. இம்மூன்று செய்திகளையும் ஒப்புநோக்கித் தசைகளை நெறிப்படுத்துவதில் மூளியின் பங்கு பெரிது. நிற்பவர் அசையாது நிற்பதாக நமக்குத் தோன்றுகின்றது. உண்மையில் அவர் இடையறாது சரிந்துகொண்டும், அச்சரிவைத் திருத்திக்கொண்டும் இருக்கின்றார். சமநிலை என்பது ஓய்வன்று, தொழில்.

5. இருபதாம் நூற்றாண்டின் சொல்லாக்கம்

கிறீனின் நூல்கள் தொடர்ந்து வாழவில்லை. கொழும்பு வைத்தியக் கல்லூரி 1870இற் தொடங்கி ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தது. அரசாங்க உத்தியோகமும் தொழில் ஏற்பும் அவ்வழியிலேயே கிடைத்தன. மானிப்பாயின் தமிழ்ப் பாடநூல்கள் பிழையானவை என்பதால் வழக்கொழியவில்லை. அவற்றைக் கற்று அடையக்கூடிய பதவி இல்லாமையால் வழக்கொழிந்தன. ஒரு கலைச்சொல்லின் ஆயுளை நிர்ணயிப்பது அதன் அழகோ தூய்மையோ அன்று, அதனைத் தாங்கும் நிறுவனமே என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

அடுத்த கட்ட முயற்சி தமிழகத்தில் எழுந்தது. 1916இல் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் சேலத்தில் அறிவியற் கலைச்சொல் முயற்சியைத் தொடங்கினர். 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் மேற்கொண்ட கலைச்சொல்லாக்கத்தில் ஈழத்தவரான விபுலாநந்த அடிகள் முக்கிய பங்கு வகித்தார். இலங்கையில் 1950களிலிருந்து அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. பாடசாலை விஞ்ஞானக் கல்வி தாய்மொழிக்கு மாறியபோது அச்சொற்கள் மாணவரின் நாவிற்கு வந்தன.

இதன் விளைவாகத் தமிழ் உடலுக்கு இன்று இரண்டு பெயர்த்தொகுதிகள் உள்ளன. தமிழகத்தின் தமனியும் சிரையும் இங்கு நாடியும் நாளமும் ஆகும். அங்கு கணையம், இங்கு சதையி. அங்கு நுரையீரல், இங்கு சுவாசப்பை. அங்கு எலும்பு, இங்கு என்பு. அங்கு செல்லும் திசுவும், இங்கு கலமும் இழையமும். அங்கு சிறுமூளை, இங்கு மூளி. ஒன்றைச் சரியென்றும் மற்றதைப் பிழையென்றும் கூறுவதற்கில்லை. எனினும் இருகரை மாணவரும் ஒருவர் நூலை மற்றவர் எளிதிற் படிக்கமுடியாதிருப்பது இழப்பே.

இலங்கை வழக்கிலே இன்னொரு செய்தி புதைந்துள்ளது. மூச்சுக்குழல் இங்கு வாதனாளி எனப்படும். ஈரலின் சுரப்பு பித்தம். அதனைத் தாங்குவது பித்தப்பை. மூளையின் அடியிலுள்ள சுரப்பி கபச்சுரப்பி. இக்கடைசிச் சொல் சளியைக் குறிக்கும் இலத்தீன் மூலத்தின் நேர் மொழிபெயர்ப்பு. மூளையிலிருந்து சளி அச்சுரப்பியின் வழியாகவே இறங்குகின்றது என்று ஐரோப்பியர் முன்னர் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கை மறைந்த பின்னரும் பெயர் நிலைத்தது. தமிழில் கபமாகவும் வந்தது. ஆக வாதம், பித்தம், கபம் என்னும் மூன்று சொற்களும் நவீன உடற்கூற்றுத் தமிழில் உறுப்புப் பெயர்களாகத் தங்கிவிட்டன. ஆனால் பழைய மரபில் அம்மூன்றையும் ஒருங்கு பிணைத்திருந்த சமநிலை என்னும் நோக்கு அவற்றோடு வரவில்லை. அதற்கு வேறொரு புதுச்சொல் ஆக்கப்பட்டது.

6. ஒருசீர்த்திடநிலை என்னும் சொல்

கனனின் சொல்லுக்கு இலங்கைப் பாடநூல்கள் தரும் பெயர் ஒருசீர்த்திடநிலை. தமிழகத்தில் தன்னிலை காத்தல், உடற் சமநிலை முதலிய வழக்குகள் உள்ளன. ஒருசீர்த்திடநிலை இலக்கண அமைதி உடையது; பிறிதொன்றோடு மயங்காத தனித்தன்மையும் உடையது. பரீட்சை எழுதும் மாணவனுக்கு அது போதும். ஆனால் அது எதனை உணர்த்துகின்றது என்று நோக்குமிடத்துச் சில இடர்ப்பாடுகள் தோன்றுகின்றன. ‘ஒருசீர்’ என்பது மாறாத ஒரே தன்மையைச் சுட்டுகின்றது. கனன் தவிர்க்க விரும்பியதும் இப்பொருளையே. ‘திடநிலை’ அசையாது இறுகிய நிலையை எண்ணச் செய்கின்றது. உடலில் அத்தகைய நிலை இறப்பின் பின்னரே கிட்டும். ‘சமநிலை’ என்ற சொல்லும் முற்றிலும் ஏற்புடையதன்று. இரசாயனவியலில் அது முன்னோக்கிய தாக்கமும் பின்னோக்கிய தாக்கமும் நிகராகி நிகரமாற்றம் ஒழிந்த நிலையைக் குறிப்பது. உயிருள்ள உடல் அவ்வாறான சமநிலையை எய்தாதிருப்பதற்காகவே இடையறாது ஆற்றலைச் செலவிடுகின்றது.

இந்நோக்கிற் பார்க்கையில், நிலையைப் பெயராகக் கூறும் சொல்லிலும், காத்தல், பேணல் என வினையை வெளிப்படுத்தும் சொல்லே கருத்துக்கு நெருங்கியது எனலாம். பேணுதல் என்பது யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் எழுத்திலும் உயிரோடு வழங்கும் சொல். கிறீனின் முதல் நூலிலிருந்த உற்பாலனம் என்பதிலும் பாலனம், அதாவது பேணிக்காத்தல், என்னும் பொருளே உள்ளது. அவர் அதனை உடல்நலம் பேணும் மனிதரின் செயலுக்கு வழங்கினார். உடல் தன்னைத்தானே பேணும் செயலுக்கும் அப்பொருளுடைய சொல் இயல்பாகப் பொருந்தும்.

7. சொல் யாருக்கு?

இதனைப் பண்டிதர்களின் சொல்லாராய்ச்சி என ஒதுக்கிவிடலாகாது. கிறீன் காலத்து யாழ்ப்பாணத்தை வாந்திபேதி மீண்டும் மீண்டும் தாக்கியது. அந்நோயில் மனிதன் இறப்பது பெரும்பாலும் உடல் தன் நீரையும் உப்பையும் இழப்பதனால். நாளத்தினூடாக உப்புநீரைச் செலுத்தும் முறையை ஸ்கொத்லாந்து மருத்துவர் தோமஸ் லற்றா 1832இலேயே செய்துகாட்டியிருந்தும் மருத்துவ உலகம் அதனை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. உறுப்புகளை அறிந்திருந்த மருத்துவம் அகச்சூழலின் கணக்கை அறியாதிருந்தமையே காரணம். 1960களில் குடலில் வெல்லமும் சோடியமும் ஒன்றாக உறிஞ்சப்படுதல் தெளிவாகியது. அதன்பின், உப்பும் வெல்லமும் உரிய அளவிற் கலந்த நீரை வாயால் அருந்துவதே பெரும்பாலான நோயாளரைக் காக்கும் என்பது டாக்காவில் நிறுவப்பட்டது. 1971ஆம் ஆண்டு வங்காள அகதி முகாம்களில் மருத்துவர் திலீப் மகலனோபிஸ் அதனைப் பேரளவில் நடைமுறைப்படுத்தினார். அம்முறையைத் தாதியரல்லாத உறவினரும் செய்யமுடிந்தது. ஏனெனில் அதனை எளிய மொழியில் விளக்க முடிந்தது. இலங்கையில் அக்கரைசல் ஜீவனி என்னும் பெயரால் வீடுதோறும் அறியப்பட்டுள்ளது. சமநிலை பற்றிய அறிவு மக்கள் மொழிக்கு வந்தபோது அது தாயின் கையில் மருந்தாயிற்று.

இன்றைய நிலையில் இப்பிரச்சினை வேறு வடிவில் உள்ளது. நீரிழிவு, உயர் குருதியமுக்கம், நாட்பட்ட சிறுநீரக நோய் ஆகியன உடலின் பேணும் ஆற்றல் தளர்வதனால் உண்டாகும் அல்லது தளர்வை உண்டாக்கும் நோய்கள். இவற்றை ஒருநாள் மருந்தால் தீர்க்கவியலாது; நோயாளர் தம் உடலின் கணக்கைத் தாமே விளங்கி, வாழ்நாள் முழுவதும் பேணவேண்டியவர்களாவர். அவ்விளக்கம் அவர்களுடைய மொழியிலேயே அமையவேண்டும். மருத்துவர் ஆங்கிலத்தில் அறிந்ததைக் கட்டளையாக மட்டும் தமிழிற் கூறுவாராயின் நோயாளர் கீழ்ப்படிவார் அல்லது கைவிடுவார்; விளங்கிக்கொள்ளமாட்டார். அறிவு ஒரு மொழியிலும் நோய் வேறொரு மொழியிலும் இருக்கும் சமூகத்தில், மருத்துவருக்கும் நோயாளருக்கும் இடையிலான இடைவெளி வகுப்பு இடைவெளியாகவும் அமைந்துவிடுகின்றது. ஆங்கிலம் கற்றவன் கிராமத்தைவிட்டு விலகுகிறான் என்று கிறீன் கண்டது இதன் ஒரு முகமேயாகும்.

இதனால் மருத்துவக் கல்வி முழுவதையும் உடனே தமிழுக்கு மாற்றவேண்டும் என்று வாதிடுவது எமது கருத்தன்று. உலக மருத்துவ ஆய்வு பெருமளவில் ஆங்கிலத்தில் நிகழ்கின்றது. அவ்வாயிலை அடைத்துக்கொள்வது அறிவுடைமை ஆகாது. ஆயினும் உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் கற்கும் மாணவர், தாம் கற்கும் ஒவ்வொரு கருத்தையும் தமிழில் விளக்கவும் பயிலுதல், அதனைத் தேர்வின் ஒரு பகுதியாக்குதல், இருகரைச் சொற்களையும் ஒப்பிட்டு ஒருங்கமைத்தல் ஆகியன இயலாத காரியங்கள் அல்ல. சித்த மருத்துவமும் கற்பிக்கப்படும் இப்பல்கலைக்கழகத்தில், உறுப்பை அறிந்த மரபும் உறவை வினவிய மரபும் ஒன்றையொன்று சோதித்துப் பார்க்கவும் இடமுண்டு.

மானிப்பாயின் வரலாறு நமக்கு இரண்டு உண்மைகளைக் கூறுகின்றது. தமிழால் இயலும் என்பது ஒன்று. அது 1883ஆம் ஆண்டுக்குள் ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. தாங்கும் நிறுவனம் இன்றேல் இயன்றதும் அழியும் என்பது மற்றொன்று. முதலாவதைக் கூறிப் பெருமைப்படுவதில் நாம் காலம் பல கழித்துவிட்டோம். இனிச் செய்யவேண்டியது இரண்டாவதைப் பற்றியது.